பதிமூணு ஸ்பேனரில் பிரியும் கருவி

தை மாதக் கடைசி. திருக்கழுக்குன்றத்தைச் சுற்றி நவரை நட்டு முடித்து, களையெடுப்பு தொடங்கியிருந்தது. மலையடித் தெருக்களைத் தாண்டிக் கல்பாக்கம் சாலையில் ஒரு வெல்டிங் பட்டறைக்குள் நுழைந்தேன். வாசலில் இரண்டு கேஜ் வீல், கத்தி தேய்ந்த ரொட்டவேட்டர். மூலையில் சேறு காய்ந்த கோனோ வீடர் என்ற களையெடுப்புக் கருவிகள். அவற்றைப் பார்க்கத்தான் போயிருந்தேன்.

பட்டறைக்காரர் ஒன்றைத் தூக்கி மேசைமேல் வைத்தார். முன்னால் படகின் மூக்குபோல வளைந்த தகடு. கருவி சேற்றில் அமிழாமல் அது தாங்கும். அதற்குப் பின்னால் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கூம்பு உருளைகள். முதல் கூம்பின் குறுகிய முனை வலப்பக்கம் என்றால், அடுத்ததற்கு இடப்பக்கம். உருளையைச் சுற்றிப் பட்டைகள்: ஒன்று வழவழப்பாக, அடுத்தது பல் வெட்டி. தள்ளித் தள்ளி இழுக்கும்போது மேல்மண் சுமார் 3 செ.மீ. ஆழத்துக்குப் புரண்டு, களை வேரோடு பெயர்ந்து சேற்றுக்குள் போய்விடும்.

“கம்பெனில கைப்பிடி ஒரே உயரமா வருது சார். இங்க தள்றது பொம்பளைங்க. தோள்பட்டை விட்டுப்போவுது” என்றார். பைப்பில் மூன்று துளை போட்டிருக்கிறார். பதிமூணு ஸ்பேனர் ஒன்று இருந்தால் போதும். ஆளுக்கு ஏற்ப ஏற்றி இறக்கலாம். மணல் புகுந்து தேய்ந்துபோகும் புஷ்ஷுக்குப் பதிலாக லேத்தில் கடைந்த நைலான் புஷ்.

“வரைபடம் எங்க கிடைச்சுது?”

“பழசு ஒண்ணப் பிரிச்சுப் பாத்தோம், அவ்ளோதான்.”

அப்படிப் பிரித்துப் பார்க்க யாரும் தடை சொல்லாததற்கு ஒரு பின்னணி உண்டு. கோனோ வீடர் உருவான இடம், ஃபிலிப்பைன்ஸின் லாஸ் பானோஸில் 1960-இல் தொடங்கிய பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம். அங்கே அமீர் கான் தலைமையில் இயங்கிய வேளாண் பொறியியல் பிரிவு, 1970-களிலேயே கதிரடிக்கும் இயந்திரத்தின் வரைபடங்களைச் சிறு பட்டறைகளுக்குக் கட்டணமில்லாமல் கொடுத்தது. 2000-க்குப் பிறகு தமிழ்நாட்டில் ஒற்றை நாற்று நடவு பரவியபோது கோனோ வீடரும் கூடவே வயலுக்கு வந்தது.

பட்டறையிலிருந்து ஏரிக்கரை வழியாகக் கழனிக்குப் போனோம். கயிறு பிடித்து 25 செ.மீ. இடைவெளியில் நட்ட பயிர். கருவியைத் தள்ளிக்கொண்டிருந்த அம்மா நின்று பேசினார். “தண்ணி நிக்கணும் தம்பி. காஞ்சா நவராது. களிமண்ணுன்னா உருளைல அப்பிக்கும்.” கருவியின் கனமும் அவருக்கு ஒரு குறை. அதற்காகப் பட்டறைக்காரர் ஒரு கூம்பைக் கழற்றிப் பார்த்திருக்கிறார். ஒற்றைக் கூம்பு கருவியை ஒருபக்கமாக இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. இரண்டும் எதிரெதிராக இருப்பதால்தான் நேராக ஓடுகிறது. பிறகு இரண்டு கூம்புக்கும் பதிலாக ஒரே நேர் உருளை செய்து மாட்டிக் கொடுத்தார். சட்டம் அதே, தகடு அதே, கைப்பிடி அதே.

திரும்பும் வழியில் என் போனில் அமெரிக்காவின் மிசௌரிப் பண்ணை ஒன்றின் படங்களைக் காட்டினேன். மார்சின் ஜகுபவ்ஸ்கி அங்கே ‘ஓப்பன் சோர்ஸ் ஈக்காலஜி’ என்ற பெயரில், டிராக்டர் முதல் மண்கல் அச்சு வரை 50 இயந்திரங்களின் வரைபடங்களை யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிடும் வேலையைத் தொடங்கினார். சதுர இரும்புக் குழாய்களைப் போல்ட் போட்டுப் பூட்டிய டிராக்டர். எஞ்சின் தனிப் பெட்டியாக இருப்பதால் கழற்றி இன்னொரு இயந்திரத்தில் மாட்டலாம். பட்டறைக்காரருக்குச் சட்டம் பிடித்தது. ஹைட்ராலிக் மோட்டாரைப் பார்த்ததும், “இது போனா பாரிமுனைக்குத்தான் ஓடணும்” என்றார். வரைபடம் இலவசமாகக் கிடைத்தாலும், உதிரிபாகம் ஊரில் கிடைக்காவிட்டால் கதவு பாதிதான் திறந்திருக்கிறது.

பட்டறை வாசலில் நின்ற டிராக்டரின் பின்புறத்தைக் காட்டினார். மூன்று கை இணைப்பு. எந்த நிறுவனத்தின் கலப்பையும் ரொட்டவேட்டரும் அதில் மாட்டும். சிறிய டிராக்டர்களில் கீழ்ப்பின் 22 மி.மீ., மேல்பின் 19 மி.மீ. இதை உருவாக்கிய ஹாரி ஃபெர்குசன் காப்புரிமைக்காக ஃபோர்டு மீது வழக்குப் போட்டு, 1952-இல் 92.5 லட்சம் டாலர் பெற்றார். ஒருவர் பூட்டி வைத்திருந்தது இன்று உலகப் பொது அளவு. அறுப்புக்கு வரும் பெல்ட் வண்டி நேர்மாறு: சென்சார் பழுதானால் பட்டறைக்காரர் கைகட்டி நிற்க வேண்டியதுதான், கதிர் வயலில் காத்திருக்கும்.

அரசு மானியம் பெரும்பாலும் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் கருவிகளுக்கே போகிறது. தரம் பார்க்க அது தேவைதான். ஆனால் மக்கள் பணத்தில் வாங்கும் கைக்கருவியோடு தமிழில் ஒரு வரைபடமும் வர வேண்டும் என்று நிபந்தனை போடலாம். புஷ்ஷின் உள்விட்டம், கைப்பிடி உயரங்கள், எந்த மண்ணுக்கு எந்த உருளை என்று அதில் இருந்தால் போதும். இவர் பழசைப் பிரித்துப் பிரித்துக் கற்றதை, அடுத்த ஊர்ப் பட்டறை முதல் நாளே தெரிந்துகொண்டு அதற்கு மேல் தொடங்கும்.