மீன் பெட்டியில் ஒரு நூலகம்

ஆண்டு மலருக்கு ஏதேனும் எழுதித் தரும்படி அருட்சகோதரி கேட்டபோது, "எதைப் பற்றி எழுதட்டும், சிஸ்டர்?" என்றேன். "அந்தக் குப்பத்தில் மாலை வகுப்பு நடத்தினாயே, அதைப் பற்றித்தான்" என்றார்கள். நடத்தினேன் என்பது பெரிய சொல். நடந்ததை எழுதுகிறேன்.

எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய மீனவர் குப்பம் ஒன்றில் ஒரு சிறிய பள்ளி இருக்கிறது. ஒரு பக்கம் கொசஸ்தலை ஆறு, மறு பக்கம் கடல். நிமிர்ந்து பார்த்தால் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள். கொரோனாவினால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் முதல் தேதிதான் மீண்டும் திறந்தன. அதற்குச் சில நாள் முன்பு, அக்டோபர் 27 அன்று, விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தமிழக அரசு 'இல்லம் தேடிக் கல்வி'த் திட்டத்தைத் தொடங்கியது. விட்டுப்போன படிப்பை ஈடுகட்ட, மாலை 5 மணிக்கும் 7 மணிக்கும் இடையில் தன்னார்வலர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டும். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. எங்கள் பகுதிக்கு அது வந்தபோது நானும் பெயர் கொடுத்தேன். பி.காம். முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த நேரம். சேவை மனப்பான்மை என்று சொன்னால் என் அம்மா சிரிப்பார். 'வீட்டில் சும்மா இருக்கிறாள்' என்ற பேச்சை நிறுத்தத்தான் போனேன்.

முதல் நாள் நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் தன் பெயரை அழகாக எழுதிக் காட்டினான். அதே பெயரை நான் கரும்பலகையில் எழுதினேன். அவனுக்கு வாசிக்கத் தெரியவில்லை. கோலம் போடுவது போலப் பெயரை வரைந்து பழகியிருக்கிறான்! பெண் பிள்ளைகள் வீட்டில் இறால் உரித்துவிட்டு ஐந்தரை மணிக்கு மேல்தான் வருவார்கள். பலர் இடுப்பில் தம்பியோ தங்கையோ இருக்கும். பாடப் புத்தகத்தைப் பிரித்தால் கொட்டாவி விட்டார்கள். கதை சொன்னால் விழித்துக்கொண்டார்கள். எனக்குத் தெரிந்த கதைகள் பத்தே நாளில் தீர்ந்துபோயின.

பள்ளியில் ஒரு பச்சை பீரோ நிறையக் கதைப் புத்தகங்கள் இருந்தன. பூட்டியே இருந்தன. "ஒண்ணு தொலைஞ்சாலும் தணிக்கைக்கு வர்றப்போ நான்தானம்மா பதில் சொல்லணும்?" என்றார் அங்கிருந்த ஆசிரியை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பின்னால் நான் செய்தது இதைவிட மோசம்.

எஸ். ஆர். ரங்கநாதனைப் பற்றி அப்போதுதான் தேடிப் படித்தேன். சீர்காழிக்காரர், சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931-இல் அவர் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தில் முதலாவது, புத்தகம் இருப்பது பயன்படுத்துவதற்கே என்பது. இதற்கு ஒரு விதி வேண்டுமா என்று தோன்றும். பச்சை பீரோவைப் பார்த்தவர்களுக்குத் தோன்றாது. அதே 1931-இல் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிச் சுற்றுக் கிராமங்களுக்கு அனுப்பினார். வாசகர் வராவிட்டால் நூலகம் போயிற்று!

எனக்கு மாட்டு வண்டிக்கு வழியில்லை. மீன் ஏற்றும் நீல நிறப் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை இனாமாக வாங்கி, பிளீச்சிங் பவுடர் போட்டு மூன்று முறை கழுவினேன். வாடை கடைசி வரை போகவில்லை. புத்தகங்களுக்கு இந்தப் பள்ளியைத்தான் நாடினேன். மாணவியரே, நீங்கள் கொடுத்தவை 140. அவற்றுள் 38 பழைய நோட்ஸ்! (அடுத்த முறை அவற்றைப் பழைய பேப்பர்க்காரருக்கே கொடுத்துவிடுங்கள்.) மீதி 102-க்கும் எண் போட்டுப் பதிவேட்டில் எழுதினேன். ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் விலையைக் குறித்து, 'தொலைத்தால் விலை கொடுக்க வேண்டும்' என்று சிவப்பு மையில் எழுதினேன். கணக்குப் படித்தவள் அல்லவா!

புத்தகங்களிலேயே விலை கூடியது மீன்களைப் பற்றிய வண்ணப் படப் புத்தகம், 350 ரூபாய். ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அதை விடாமல் எடுத்துப் போனாள். ஒரு நாள் பிரித்துப் பார்த்தால் படங்களுக்குக் கீழே பென்சிலால் ஏதேதோ பெயர்கள்.

"யார் கிறுக்கியது?"

"எங்கப்பா சொன்னாருக்கா. புக்குல போட்டிருக்கிற பேரு தப்பாம். எங்க ஊர்ல அப்படிச் சொல்லமாட்டாங்களாம்."

புத்தகத்தில் எழுதக் கூடாதென்று எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன். அவள் அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது. அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல, அவள் எழுத்துக் கூட்டி எழுதியிருக்கிறாள். நான் பிள்ளைகளிடம் எதிர்பார்த்ததே அதுதான் என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை.

2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல் மழை. மணலிப் பக்கமிருந்து வெள்ளத்தோடு வந்த எண்ணெய் ஆற்றில் கலந்து கழிமுகம் எங்கும் படர்ந்தது. வலை, படகு, வீட்டுச் சுவர் எல்லாம் கறுத்தன. மீனவர்களே படகில் போய்க் கையால் எண்ணெயை அள்ளியதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். மீன் வாங்க ஆளில்லை. வகுப்பு மீண்டும் தொடங்கிய பிறகும் அந்தச் சிறுமி மட்டும் வரவில்லை. எண்ணெய் வாடையில் உடம்புக்கு முடியவில்லை போலும் என்றிருந்துவிட்டேன். மூன்று வாரம் கழித்துத்தான் வீட்டுக்குப் போனேன்.

அவள் ஆயா பரணிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். உள்ளே மீன் புத்தகம்; பாதிக்கு மேல் தாரில் முக்கியது போல ஒட்டிக்கிடந்தது. "முந்நூத்தம்பது ரூபா கேப்பாங்கன்னு அழுவுதும்மா. தொழில் இல்ல, இப்ப எங்கிருந்து குடுக்கறது? மீனு வித்ததும் தந்துடறோம்" என்றார். சிறுமி கதவுக்குப் பின்னால் நின்றாள், வெளியே வரவில்லை. வீடே கறுத்துக்கிடக்க, அவர்களுக்கு என் சிவப்பு மை பெரிய கவலையாக இருந்திருக்கிறது!

அன்றிரவு 101 புத்தகங்களிலும் முதல் பக்கத்தின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டினேன். மறுநாள் அவளிடம் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்து, "அப்பா சொன்ன பெயரெல்லாம் நினைவிருக்கிறதா?" என்று கேட்டேன். முதலில் நம்பவில்லை. பிறகு புத்தகத்தில் தப்பிய பக்கங்களைப் பார்த்துப் பென்சில் பெயர்களைப் படியெடுத்தாள். மடவை, கிழங்கான், கெளுத்தி என்று ஆரம்பித்து அப்பாவிடமும் தாத்தாவிடமும் கேட்டு, எது எந்த மாதம் கிடைக்கும், எதற்கு எந்த வலை என்பதையெல்லாம் சேர்த்தாள். படங்களும் அவளே வரைந்தாள்.

அந்த நோட்டைப் பதிவேட்டில் 103 என்று ஏற்றினேன். விலைக் கட்டத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல் ஒரு கோடு போட்டேன். சென்ற மாதம் குப்பத்துக்குப் போயிருந்தபோது பெட்டியில் தேடினேன், காணவில்லை. யார் வீட்டில் இருக்கிறதென்று பிள்ளைகளுக்கும் தெரியவில்லை. நானும் விசாரிக்கவில்லை.