வெள்ளைப் புள்ளிகள்

வந்த மறுநாளே அது தொட்டியின் பக்கக் கண்ணாடியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது. தெரிந்தது அதன் பிம்பம்தான். வெளிப்பக்கம் ஒரு செய்தித்தாளை ஒட்டினேன். என்ன செய்தி என்று பார்க்கவில்லை.

சர்ஜன் மீன் என்பார்கள். வாலடியில் இரு பக்கமும் கத்திபோல ஒரு முள். மடங்கிக் கிடக்கும், வேண்டும்போது விரியும். என்னுடையது இந்தியப் பெருங்கடல் ஜாதி. இளநீல உடம்பு, கறுத்த முகம், வெள்ளைத் தொண்டை, முதுகில் மஞ்சள் துடுப்பு. பவளப்பாறைகளில் பகலெல்லாம் பாசி மேய்ந்து திரிவது. நான் கொடுத்தது ஐந்தடி.

உப்புநீர்த் தொட்டி வைப்பவன் கணக்குப்பிள்ளையாகிவிடுகிறான். ஒப்படர்த்தி 1.025, வெப்பம் 26 டிகிரி. ஆவியாவது நீர் மட்டும், உப்பு தங்கிவிடும். குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்றவேண்டும். முதல் மாதம் உப்புநீரையே ஊற்றிவந்தேன். நம்மில் சிலர் கவிதைக்குச் செய்வதும் இதுதான்.

புதிய மீனைச் சில வாரம் தனியே வைத்துப் பார்க்கவேண்டும் என்பது விதி. எனக்கு வேடிக்கை பார்க்கும் அவசரம்.

மூன்றாம் வாரம் உடம்பெங்கும் உப்புத் தூவினாற்போல் வெள்ளைப் புள்ளிகள். கிரிப்டோகாரியான் என்ற ஒட்டுண்ணி. ஆறாம் நாள் எல்லாம் உதிர்ந்து மீன் பளிச்சென்று நீந்தியது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். தீனியில் பூண்டு கலந்ததால்தான் என்று நண்பரிடம் பெருமையும் அடித்துக்கொண்டேன். உண்மையில் கொழுத்த ஒட்டுண்ணி தானே விலகி, மணலில் கூடு கட்டி, உள்ளே பலவாகப் பிரிந்து, திரும்பவும் மீனைத் தேடி வரும். இதைப் படித்திருந்தேன். பளிச்சென்று நீந்துகிற மீனுக்கு முன்னால் படித்தது நிற்கவில்லை.

இரண்டாம் முறை புள்ளிகளை எண்ண முடியவில்லை. தாமிர மருந்து நீரில் நீந்தும் பருவத்தை மட்டுமே கொல்லும். பெரிய தொட்டியில் விட்டால் நத்தையும் இறாலும் சேர்ந்து சாகும். மீனை வேறு தொட்டிக்கு மாற்றவேண்டியிருந்தது. வலையில் வால்முள் சிக்கிக்கொண்டது. விடுவிக்கப்போன விரலில் நேர்கோடாக ஒரு கிழிப்பு. உப்புநீர் பட்ட பிறகுதான் எரிந்தது.

நான்கு நாள் இருந்தது. இரவில் விளக்கைப் போட்டால் மூலையில், வெளிறிப்போய், செவுள் மட்டும் அடித்துக்கொள்ளும். ஐந்தாம் நாள் அதுவும் இல்லை.

கடைக்காரரிடம் சொன்னேன். “அடுத்த வாரம் வேற வருது சார்” என்றார். 2015இல் ஹவாயில் மஞ்சள் சர்ஜனையும், 2016இல் ஃபுளோரிடாவில் நீலச் சர்ஜனையும் முட்டையிலிருந்தே வளர்த்தெடுத்துவிட்டார்கள். என்னுடையது கடலில் பிடித்தது. பில்லில் அது இல்லை, நானும் கேட்கவில்லை.

ஒட்டுண்ணி பட்டினியில் சாக, பெரிய தொட்டியை மீனில்லாமல் இரண்டரை மாதம் ஓடவிட வேண்டும். விரல் ஆறிவிட்டது. தினமும் காலையில் குறைந்த அளவு பார்த்து நல்ல தண்ணீர் ஊற்றுகிறேன். கண்ணாடியில் நத்தைகள் ஏறுகின்றன. “காலித் தொட்டிக்கு எதுக்கு லைட்?” என்று கேட்கிறாள் மனைவி.