மாபார்: சிதறிய குறிப்புகள்

சமயபுரம் பேரூராட்சியின் பெயர் ச.கண்ணனூர். மொட்டை போட, அக்கினிச்சட்டி எடுக்க வருகிற கூட்டத்தில் அந்தப் பெயரைச் சொல்கிறவர் குறைவு.

கண்ணனூர்க் கொப்பம். கொள்ளிடத்துக்கு வடகரை. ஒரு காலத்தில் ஹொய்சளரின் தென்னகத் தலைநகர். சோமேசுவரன் எழுப்பிய சிவன் கோயில் இன்னும் நிற்கிறது.

1342 வாக்கில் இந்தக் கோட்டைக்குள் மதுரை சுல்தானின் ஆட்கள். வெளியே ஹொய்சள மன்னர் மூன்றாம் வீரவல்லாளரின் படை. மாதக்கணக்கில் முற்றுகை. உள்ளே இன்னும் 14 நாளுக்குத்தான் சாப்பாடு.

கோட்டையை விட்டால் உயிரோடு போகலாம் என்றார் வல்லாளர். மதுரையைக் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள் உள்ளே இருந்தவர்கள். சரி, 14 நாள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்.

ஏன் விட்டார்? திரும்பத் திரும்ப இந்த இடத்தில்தான் நிற்கிறேன்.

கடிதம் மதுரைக்குப் போனது. வெள்ளிக்கிழமைத் தொழுகையில் வாசித்தார்கள். ஜனங்கள் அழுதார்கள். சாகத் துணிந்தவர்கள் தலைப்பாகையை அவிழ்த்துக் குதிரையின் கழுத்தில் கட்டினார்கள்.

அவர்கள் வந்து விழுந்தது மத்தியான நேரம். வல்லாளர் பாளையம் கண்ணயர்ந்திருந்தது. குதிரைகள் மேய்ச்சலுக்குப் போயிருந்தன.

வல்லாளருக்கு வயது 80. பிடித்தவனுக்கு அவர் யாரென்றே தெரியவில்லை. வெட்டப்போனான். பக்கத்தில் இருந்த அடிமை, இவர்தான் ராஜா என்றான்.

விடுவிக்கிறேன் என்று சொல்லிச் சொல்லியே யானை, குதிரை, பொருள் எல்லாம் வாங்கிக்கொண்டான் சுல்தான் கியாசுத்தீன். பிறகு கொன்றான். தோலை உரித்து வைக்கோல் திணித்து மதுரைச் சுவரில் தொங்கவிட்டான். அப்போது இங்கே வந்த பயணி இப்னு பதூதா அதைக் கண்ணால் பார்த்து எழுதியிருக்கிறார்.

நெல் வைக்கோலாகத்தான் இருக்கும்.

அவர் எழுதியதிலேயே ஒரு வரி. எல்லாரும் தாண்டிப் போகிற வரி. வல்லாளரின் படையில் 20,000 முஸ்லிம்கள் இருந்தார்கள். சுல்தானின் மொத்தப் படை 6,000.

பதூதாவின் எண்ணிக்கைகள் பெருத்தவை. கால்வாசியாக்கிப் பார்த்தாலும் 5,000 பேர்.

குற்றம் செய்து ஓடிவந்தவர்கள், தப்பிய அடிமைகள் என்று அவர்களை ஒதுக்குகிறார். ஒரு பெயர்கூட இல்லை. வெள்ளிக்கிழமைகளில் அவர்களும் தொழுதிருப்பார்கள். வல்லாளர் பாளையத்தில், கொள்ளிடக் காற்றில்.




மாபார். அரபிக்காரர்கள் இந்தக் கரைக்கு வைத்த பெயர். கொல்லத்திலிருந்து நெல்லூர் வரை என்கிறார் பாரசீகத்து வஸ்ஸாஃப். அப்படியானால் நாகப்பட்டினம், காரைக்கால், இந்தக் காவிரிப் படுகை முழுதும் அதற்குள் வந்துவிடுகிறது.

அவர் கணக்கு: பாரசீகத்தில் அபூபக்ர் அத்தாபக் ஆண்ட காலத்தில் மாபாருக்கும் கம்பாயத்துக்கும் பக்கத்துத் துறைகளுக்கும் வருஷம் 10,000 குதிரை. குதிரைக்கு 220 தினார். ஆக 22 லட்சம் தினார்.

பணம் எங்கிருந்து? அரசுக் கருவூலத்தைத் தொடவில்லையாம். கோயில் நிலங்களின் வருமானத்திலிருந்தும், கோயிலைச் சேர்ந்த பெண்கள் மீதான வரியிலிருந்தும்.

1279க்குப் பிறகு காவிரிப் படுகை பாண்டியர் கையில். இங்கே கோயில் நிலம் என்றால் நஞ்சை. நஞ்சை என்றால் நெல். நெல் பொன்னாகி, பொன் பாரசீக வளைகுடாவின் கிஷ் தீவுக்குப் போனது.

குதிரைக்கு வறுத்த பார்லி, வெண்ணெய் சேர்த்துச் சமைத்த தானியம், குடிக்கக் காய்ச்சிய பசும்பால். வஸ்ஸாஃபுக்குத் தாங்கவில்லை. குதிரையை இப்படியா வளர்ப்பது என்று வருந்துகிறார்.

மார்க்கோ போலோவும் அதே வருத்தம். சோறு போட்டே கொல்கிறார்கள் என்கிறார். லாடம் அடிக்கிறவர்களை வியாபாரிகளே இந்தப் பக்கம் வரவிடுவதில்லை என்றும் சொல்கிறார். குதிரை செத்தால்தானே அடுத்த குதிரை.

மார்க்கோ போலோ இந்தக் கரையில் இருந்தது 1290களின் தொடக்கம். 1291இல் ஏக்கர் கோட்டை விழுந்தது. சிலுவைப் படையினரின் கடைசிப் பெரிய கோட்டை. அதே சில வருஷங்களில் இங்கே பாண்டியனுக்குப் பக்கத்தில் நின்று நிர்வாகம் பார்த்தவர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான்.

ராவுத்தர். குதிரையோடு வந்த பெயர். இன்றைக்குக் கல்யாணப் பத்திரிகையில் பார்க்கலாம்.




1311. டில்லியிலிருந்து மாலிக் காபூர் வருகிறான். வீரபாண்டியனின் படையில் முஸ்லிம் வீரர்கள். அமீர் குஸ்ரோ எழுதுகிறார்: பாதி இந்துக்களாக மாறிப்போனவர்கள், ஆனாலும் கலிமா சொல்லத் தெரிந்ததால் உயிர்ப்பிச்சை.

அவர்கள் தமிழில் கெஞ்சியிருப்பார்களா? கலிமாவுக்கு முன்னால் என்ன சொன்னார்கள்?




1323. ஸ்ரீரங்கம். டில்லியின் உலூக் கானின் படை.

பன்றியாழ்வான் மேட்டுக் கலகம் என்கிறது கோயிலொழுகு. 12,000 தலைகள். எண்ணைப் பற்றிச் சண்டை போடலாம். நடந்ததைப் பற்றி முடியாது. இதைச் சின்னதாக்கி எழுத எனக்கு மனசில்லை.

வேதாந்த தேசிகர் பிணங்களுக்கு நடுவில் பிணமாகக் கிடந்தார் என்பது குருபரம்பரை. கூட சுதர்சன சூரியின் இரண்டு பிள்ளைகள். சுருதப்பிரகாசிகை ஓலைக்கட்டு.

ஓலை நனையாமல் எப்படி?

பிள்ளை லோகாசாரியார் பெருமாளைத் தூக்கிக்கொண்டு தெற்கே போனார். வழியில், ஜோதிஷ்குடியில் காலமானார். பெருமாள் கேரளம், மைசூர் நாடு, திருமலை என்று அலைந்து, 1371இல் திரும்பினார். கோபணன் கொண்டுவந்து சேர்த்ததற்குக் கல்வெட்டு இருக்கிறது.

திரும்பியபோது சிக்கல். இடையில் வேறொரு திருமேனி வைத்துப் பூசை நடந்துகொண்டிருந்தது. எது பழையது? பார்த்தவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஒரு வண்ணார் மட்டும் மிச்சம். ஈரங்கொல்லி. கண் தெரியாத கிழவர். திருமஞ்சனம் செய்த ஈரவாடைத் தீர்த்தத்தை வாங்கிக் குடித்துச் சொன்னார்: இவர்தான் நம்பெருமாள்.

48 வருஷம். அந்த வாசனை அவருக்கு நினைவிருந்தது.

அதே கோயிலில் துலுக்க நாச்சியார் சன்னதி. சிலை கிடையாது. சுவரில் சித்திரம். சுல்தானின் மகள், பெருமாளைப் பிரிய முடியாமல் பின்னாலேயே வந்தவள் என்பது கதை. நைவேத்தியம் ரொட்டி, வெண்ணெய். நெல் விளையும் இந்த ஊரில், மடப்பள்ளியில், கோதுமை ரொட்டி.

12,000 தலையும் அந்த ரொட்டியும் ஒரே மதிலுக்குள்.




இப்னு பதூதாவும் கியாசுத்தீனும் சகலைகள். மதுரை சுல்தானகத்தை ஆரம்பித்த ஜலாலுத்தீன் அஹ்சன் கானுக்கு மாப்பிள்ளைகள்.

சகலையைப் பற்றி பதூதா எழுதியது கடுமையானது. காட்டில் பிடித்த கைதிகளைக் கழுவில் ஏற்றியது, அவர்களுடைய பெண்டு பிள்ளைகளைக் கொன்றது. இப்படி வேறெந்த அரசனும் செய்து நான் அறிந்ததில்லை, இதனால்தான் அல்லாஹ் இவனைச் சீக்கிரம் கொண்டுபோனான் என்ற பொருளில் எழுதுகிறார். அவர் காஜி. நீதி சொல்கிற வேலை பார்த்தவர். சொல்லியிருக்கிறார்.

சுல்தானுக்கு வீரியத்துக்காக ஒரு யோகி மாத்திரை செய்து கொடுத்தார். அதில் இரும்புத் தூள். அளவு மீறித் தின்று படுத்துக்கொண்டான்.

முஸ்லிம் சுல்தான், இந்து யோகி, இரும்பு மாத்திரை. கழுவில் ஏற்றிய காடும் அதே வருஷங்கள்தான்.

பதூதா சொல்லும் பத்தன் என்ற துறைமுகம். கல்லால் கட்டிய பள்ளிவாசல், திராட்சை, நல்ல மாதுளை. கடலுக்குள் பெரிய மரங்களை நட்டு மேலே ஒரு மேடை. எதிரி வந்தால் கப்பல்களை அதோடு பிணைத்துவிட்டு ஆட்கள் மேலே ஏறிக்கொள்வார்கள். பத்தன் எது என்பதற்கு ஆய்வாளர்கள் ஆளுக்கொரு துறையைக் காட்டுகிறார்கள். காவிரிப்பூம்பட்டினம், நாகப்பட்டினம், பெரியபட்டினம்.




அகமதுநகரில் ஷா ஷரீப் என்றொரு சூபி. அவர் அருளால் பிறந்தவர்கள் என்று மாலோஜி போன்ஸ்லே தன் இரு பிள்ளைகளுக்கு வைத்த பெயர்கள்: ஷாஹாஜி, ஷரீப்ஜி. மூத்தவர் சிவாஜிக்கும் வெங்காஜிக்கும் அப்பா.




பறங்கியர், அதாவது போர்ச்சுக்கீசியர். பதினாறாம் நூற்றாண்டு. கடலில் போக அவர்களிடம் சீட்டு வாங்க வேண்டும். சீட்டில்லாத மரைக்காயர் கப்பல் கொள்ளைப் பொருள். நாகப்பட்டினத்திலேயே பறங்கியர் குடியேற்றம்.

1538. மண்டபத்துக்குப் பக்கம் வேதாளை. மரைக்காயர் கப்பற்படை நொறுங்கியது.

பொன்னானியில் ஜைனுத்தீன் மக்தூம் ஒரு அரபு நூல் எழுதினார். துஹ்ஃபத்துல் முஜாஹிதீன். பறங்கியருக்கு எதிரான புனிதப் போருக்கு அழைப்பு. மக்தூம் குடும்பத்தின் அடைமொழி மஃபரி, மாபார்க்காரர். இந்தக் கரையிலிருந்து போனவர்கள்.

அந்த நூலில் புகழப்படும் அரசர் கோழிக்கோட்டுச் சாமூத்திரி. முஸ்லிம்களுக்காகத் தன் செல்வத்தைக் கொட்டிப் போரிட்ட இந்து மன்னர். நூல் காணிக்கை பீஜப்பூர் அலி ஆதில் ஷாவுக்கு.

1570–71இல் மூன்று பேர் சேர்ந்தார்கள். பீஜப்பூர் கோவாவை வளைத்தது. அகமதுநகர் சவுலை. சாமூத்திரி சாலியத்தைப் பிடித்தார். அதே 1571 அக்டோபரில், தூரத்து லெபாந்தோவில், உஸ்மானியக் கடற்படை கிறிஸ்தவக் கடற்படையிடம் தோற்றது.

1600. கோவாவில் நான்காம் குஞ்ஞாலி மரைக்காரின் தலை விழுந்தது. சாமூத்திரியின் கடற்படைத் தலைவராக இருந்தவர். அவர் கோட்டையை வளைத்தவர்கள் பறங்கியரும் சாமூத்திரியும். இந்த முறை ஒன்றாக.




1570. நாகூரில் சாகுல் ஹமீது ஆண்டவர் மறைவு.

மாணிக்கப்பூரில் பிறந்து, குவாலியரில் பாடம் கேட்டு, மக்கா போய், கடைசியில் இந்த மணலில். நிலம் கொடுத்தவர் தஞ்சை நாயக்கர். அச்சுதப்பர் என்கிறது மரபு.

நாயக்கருக்குத் தீராத வலி. அரண்மனை மாடத்தில் ஒரு புறா, உடம்பெங்கும் ஊசி. ஆண்டவர் ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கச் சொன்னார். வலி போனது. இன்றைக்கும் தர்காவில் புறா விடுகிறார்கள்.

கண்ணாடிக் கதை. நாவிதர் சவரம் செய்துகொண்டிருக்கிறார். நடுக்கடலில் ஒரு கப்பல் ஓட்டை விழுந்து மூழ்குகிறது. கையிலிருந்த கண்ணாடியை ஆண்டவர் எறிகிறார். அது பறந்துபோய் ஓட்டையை அடைக்கிறது.

அது பறங்கிக் கப்பல் என்று சொல்கிறவர்களும் உண்டு.

வேண்டுதல் தகடுகள்: கை, கால், கண், வீடு, கப்பல். வெள்ளியில். வாங்குகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் நெற்றியில் திருநீறோ குங்குமமோ இருந்தது நான் நின்று பார்த்தபோது. ஒரு அம்மா முழங்கால் தகட்டை எடுத்துத் தன் முழங்காலில் வைத்து அளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

கந்தூரிக்குக் கொடி நாகப்பட்டினத்திலிருந்து வரும். கப்பல் வடிவ ரதத்தில். தரையில் ஓடும் கப்பல்.

பெரிய மினரா 131 அடி. கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப்சிங் (1739–1763).

அதே பிரதாப்சிங் ஆட்சியில், 1752 ஜூனில், ஆற்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்டு ஸ்ரீரங்கத்தில் சிக்கிய சந்தா சாகிப் தஞ்சைத் தளபதி மானோஜியிடம் சரணடைந்தார். தலை வெட்டப்பட்டது. தலை போனது ஆற்காட்டு முகம்மது அலிக்கு. அவரும் முஸ்லிம், இவரும் முஸ்லிம், நடுவில் இந்து மன்னர், பின்னால் ஒருபக்கம் பிரெஞ்சுக்காரன், மறுபக்கம் இங்கிலீஷ்காரன்.

சந்தா சாகிப் அடங்கியிருப்பது திருச்சி நத்தர்வலி தர்காவில். பிறகு முகம்மது அலியும் அங்கேயே.




நாகூர் தர்காவுக்கு சிங்கப்பூரில் ஒரு நகல், தெலுக் ஆயர் தெருவில். பினாங்கில் ஒன்று, சூலியா தெருவில். இரண்டிலும் உடல் இல்லை. கப்பல் ஏறிப் போனவர்கள் நினைவை வைத்துக் கட்டியது.




காசவளநாடு புதூர். தஞ்சாவூரிலிருந்து பக்கம். சுற்றிலும் வயல். முஹர்ரம் மாதம் வந்தால் ஊரே விரதம். இந்துக்கள்தான். அல்லா சாமி பண்டிகை என்கிறார்கள்.

உள்ளங்கை உருவத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகிறார்கள். பட்டுத் துண்டு, பூமாலை சாத்துகிறார்கள். விடியும்போது தீ மிதிக்கிறார்கள். திருநீறு தருகிறார்கள்.

முஹர்ரம் நினைவுகூர்வது கர்பலாவை, 680. யூப்ரடீஸ் கரை. ஹுசைனின் ஆட்களுக்கு ஆற்றுத் தண்ணீரை மறித்தார்கள். நபியின் பேரனை வளைத்து நின்றவர்களும் தொழுகையாளிகள்.

தண்ணீரை மறிப்பது என்றால் என்னவென்று கடைமடைக்காரனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.




1673. மதுரை நாயக்கர் படை தஞ்சை நாயக்கர் விஜயராகவரைக் கொன்றது. தப்பிய பிள்ளை செங்கமலதாசுக்காக பீஜப்பூர் சுல்தான் படை அனுப்பினார். தளபதி, ஷாஹாஜியின் மகன் வெங்காஜி. ஏகோஜி என்றும் சொல்வார்கள். 1676க்குள் தஞ்சாவூர் அவருடையதாகிவிட்டது.

அவர் மகனுக்குத் தாத்தா பெயர். சாகஜி. 1684இல் பட்டம்.

1693. கும்பகோணத்துக்குப் பக்கம் திருவிசநல்லூர். நாற்பதுக்கு மேற்பட்ட பண்டிதர்களுக்கு வீடும் நிலமும் எழுதிவைத்தார் சாகஜி. வேதம், வியாகரணம், நாடகம், மருத்துவம் என்று எழுதித் தள்ளிய தெரு.

அக்கிரகாரத்துக்கு வைத்த பெயர் சாகஜிராஜபுரம்.