புயலுக்கு முன் ஒரு பட்டியல்

ஒடிசாவின் எர்சமா வட்டாரத்தில் வெற்றிலைக் கொடிக்கால்களையும் சவுக்குத் தோப்புகளையும் தாண்டிக் கடலை நோக்கிப் போகிறவர்கள் கண்ணில் தவறாமல் படும் கட்டடம் ஒன்றுண்டு. தரைத்தளம் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் தூண்கள். மேலே பெரிய கூடம். பக்கத்தில் சாய்தளம். சாதாரண நாட்களில் வகுப்பறை, ஊர்க்கூட்டம், சமயத்தில் கல்யாணம். வங்கக் கடலில் புயல் உருவானால் ஊரே ஏறிக்கொள்ளும் காப்பகம். கீழ்ப்பகுதியைக் காலியாக விட்டதற்குக் காரணம் எளிது: கடல் உள்ளே வந்தால் தடையின்றிக் கடந்து போகட்டும்.

கடல் அப்படி வந்ததுண்டு. 1999 அக்டோபர் 29 அன்று பாரதீப் அருகே கரையேறிய பெரும்புயல் மணிக்குச் சுமார் 260 கி.மீ. வேகத்தில் வீசியது. 5 மீட்டருக்கும் உயரமான அலை ஊருக்குள் புகுந்தது. அரசுக் கணக்கிலேயே 9,800க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் 8,000க்கும் அதிகமானோர் எர்சமா அடங்கிய ஜகத்சிங்பூர் மாவட்டத்துக்காரர்கள். புயல் வருவது வானிலைத் துறைக்குத் தெரிந்துதான் இருந்தது. எங்கே ஓடுவது என்பதுதான் குடிசைவாசிகளுக்குத் தெரியவில்லை. செஞ்சிலுவைச் சங்கம் முன்பே கட்டிவைத்திருந்த சில காப்பகங்களில் ஏறியவர்கள் பிழைத்தார்கள். அந்தப் பாடம் வீண்போகவில்லை. பின்னாட்களில் ஒடிசாவில் 800க்கும் மேற்பட்ட காப்பகங்கள் எழுந்தன.

ஆனால் சிமெண்ட் மட்டும் உயிரைக் காப்பாற்றிவிடாது. ஒவ்வொரு காப்பகத்துக்கும் ஊராரே அடங்கிய குழு இருக்கிறது. எச்சரிக்கை சொல்ல ஒரு பிரிவு, மீட்க ஒன்று, முதலுதவிக்கு ஒன்று. மரம் அறுக்கும் இயந்திரமும் ஜெனரேட்டரும் அவர்கள் பொறுப்பில். இவற்றைவிட முக்கியமான கருவி ஒரு பட்டியல். எந்த வீட்டில் கர்ப்பிணி இருக்கிறார், எந்தக் கிழவரைத் தூக்கிவர வேண்டும், யாருக்குக் காது கேட்காது என்ற விவரம். கலெக்டர் அலுவலகத்தில் உட்கார்ந்து தயாரிக்க முடியாத ஆவணம் இது. பக்கத்து வீட்டுக்காரர்தான் சொல்ல முடியும். ஆண்டுதோறும் நடக்கும் ஒத்திகையில் அதைச் சரிபார்த்துக்கொள்கிறார்கள்.

பலன் கண்கூடு. 2019 மே 3 அன்று பூரி அருகே ஃபானி புயல் கரையேறுமுன் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாதுகாப்பான இடங்களுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். உயிரிழந்தோர் 64 பேர். அடுத்த ஆண்டே இதே மாவட்டத்தின் நொலியாசாகி என்ற மீனவர் குடியிருப்பையும் கஞ்சம் மாவட்டத்தின் வெங்கட்ராய்பூரையும் சுனாமிக்குத் தயாரான கிராமங்கள் என்று யுனெஸ்கோ அங்கீகரித்தது. இந்தியப் பெருங்கடல் பகுதியில் முதன்முதலாக அந்தத் தகுதி பெற்ற ஊர்கள் இவை. வெள்ளம் எதுவரை வரும் என்ற வரைபடம், ஓடவேண்டிய வழி, ஒத்திகை எனப் பன்னிரண்டு நிபந்தனைகளை நிறைவேற்றினால்தான் அங்கீகாரம்.

இத்தனைக்கும் பிறகு ஒரு கேள்வி பாக்கி. வெற்றிலைக் கொடிக்காலைத் தூக்கிக்கொண்டு சாய்தளத்தில் ஏற முடியாது. படகையும் முடியாது. ஃபானியில் சேதமான வீடுகள் மட்டும் சுமார் 5 லட்சம். உயிரோடு இறங்கி வருபவரை வரவேற்பது கூரையில்லாத வீடும் கடனும்தான். மாட்டைத் தனியே விட்டு வர மனமில்லாமல் கடைசி நிமிடம்வரை வாசலிலேயே நிற்பவர்களின் தயக்கம் பிடிவாதமல்ல, கணக்கு.

இதற்கும் முன்கூட்டியே செய்யக்கூடியவை உண்டு. காற்றைத் தாங்கும் வீடு, கால்நடைக்கு மேடு, படகுக்குக் காப்பீடு, கரையில் அலையாத்திக் காடு. பக்கத்துக் கேந்திரபாடா மாவட்டத்தில் அலையாத்திக் காடு அகலமாக இருந்த ஊர்களில் 1999 புயலின் சாவுகள் குறைந்திருந்ததை 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. யாரைத் தூக்கிவர வேண்டும் என்ற பட்டியல் ஊரில் தயார். அவர்கள் திரும்பிப் போய் எதை வைத்துப் பிழைப்பார்கள் என்ற பட்டியலும் அடுத்த புயலுக்குள் எழுதப்பட்டாக வேண்டும்.