அத்தானின் மனு

சகோதரிகளே, வடாம் பிழிந்து மாடியில் காய வைப்பது உங்களுக்கெல்லாம் பழக்கமான காரியம். காக்கை வரும், அணில் வரும். காவலுக்குக் குழந்தையை உட்கார்த்தி வைத்தால் அதுவே பாதியைத் தின்று தீர்த்துவிடும். ஆனால், வடாத்துக்குப் பக்கத்தில் யாராவது சிறுத்தையின் எச்சத்தைக் காய வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? என் அக்கா வீட்டு மொட்டை மாடியில் அந்தக் கண்ணராவியை நான் கண்ணாரக் கண்டேன்.

அக்கா இருப்பது மசினகுடியில். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக 36 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, வயிற்றைப் புரட்டிக்கொண்டு போய்ச் சேரவேண்டிய ஊர். பக்கத்திலேயே முதுமலைக் காடு. 1940-ம் ஆண்டு சரணாலயமாகி, 2007-ம் ஆண்டு புலிகள் காப்பகமான காடு அது. 2022-ம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 114 புலிகள் இருப்பதாகச் சொன்னார்கள். பத்திரிகையில் அதைப் படித்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. சென்னையில் உட்கார்ந்துகொண்டு பெருமைப்படுவதற்கு என்ன செலவு?

நான் அங்கே போனது உல்லாசப் பிரயாணமாக அல்ல. ஒரு குடும்பச் சண்டையைத் தீர்த்து வைக்க. அக்கா வளர்த்த நாய் மணியைத் தை மாதம் ஒரு ராத்திரி சிறுத்தை கொண்டு போய்விட்டது. வாசல் திண்ணையில் படுத்திருந்த நாய். ஒரு குரல்தான் கேட்டதாம், அவ்வளவுதான். காலையில் சங்கிலி மாத்திரம் கிடந்தது. விஷயம் கோயம்புத்தூரில் இருக்கும் அக்கா பெண்ணின் காதுக்கு எட்டியது. "இனிமேல் என் குழந்தையை அந்த வீட்டுக்கு அனுப்பமாட்டேன்" என்று அவள் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாள். குழந்தைக்கு நாலு வயசு. கோடை விடுமுறைக்கு வந்து இரண்டு மாதம் பாட்டி மடியில் இருக்கிற குழந்தை. அக்கா டெலிபோனில் அழுத அழுகையை நான் இங்கே எழுதப் போவதில்லை.

நான் போய் இறங்கியபோது அத்தான் ஒரு மனு எழுதி வைத்திருந்தார். அந்தச் சிறுத்தையை உடனே கூண்டு வைத்துப் பிடித்து நடுக்காட்டில் கொண்டுபோய் விடவேண்டும் என்று சாரம். தெருவிலுள்ள 17 பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். முதல் கையெழுத்து அடுத்த வீட்டு அம்மாளுடையது. இரண்டு ஆடுகளைப் பறிகொடுத்தவள். எனக்கு நாய் போன துக்கம்தான் தெரியும்; அவளுக்கு ஆடுதான் ஜீவனம். மனு மிகவும் நியாயமானது என்று எனக்குத் தோன்றியது. அத்தான் என்னிடம் தமிழைத் திருத்தித் தரச் சொன்னார். திருத்தியும் கொடுத்தேன்.

இங்கேதான் மாடிக்கு வருகிறோம். பின்கட்டு அறையில் ஒரு ஆராய்ச்சி மாணவி குடியிருந்தாள். விடியற்காலையில் காவலர் ஒருவர் துணையோடு காட்டோரம் போய், மிருகங்களின் எச்சத்தைக் காகித உறைகளில் சேகரித்து வந்து மாடி வெயிலில் காய வைப்பாள். "எப்படி அக்கா பொறுத்துக்கொள்கிறாய்?" என்றேன். "தங்கமான பெண். முதல் தேதி வாடகை வந்துவிடும். நடுவிலே பெஞ்சைப் போட்டு எல்லை பிரித்திருக்கிறேன்" என்றாள் அக்கா.

முதல் நாள் மூக்கைப் பொத்திக்கொண்ட நான் மூன்றாம் நாள் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன். எச்சத்தைக் கழுவினால் உள்ளே ரோமம் மிஞ்சுமாம். பூதக்கண்ணாடிக் கருவியில் வைத்துப் பார்த்தால் புள்ளிமானின் ரோமம் வேறு, ஆட்டின் ரோமம் வேறு, நாயின் ரோமம் வேறு. சிறுத்தை எதைச் சாப்பிட்டது என்று, அதைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். குப்பைக் கூடையைப் பார்த்து அடுத்த வீட்டுச் சமையலைக் கண்டுபிடிக்கும் வித்தை நமக்குத் தெரியாததா என்ன?

அன்று மாலை அத்தான் மனுவைப் படித்துக் காட்டினார். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நடுக்காட்டிலே கொண்டு விடச் சொல்கிறீர்களே மாமா, அங்கேதான் ஏற்கெனவே ஆள் இருக்கிறதே?" என்றாள்.

"யார்?"

"புலி."

சிறுத்தையைக் காட்டின் ராஜா என்றே அதுவரை நான் நினைத்திருந்தேன். ஆண் புலி 200 கிலோ இருக்கும். சிறுத்தை அதில் மூன்றில் ஒரு பங்கு தேறினால் அதிகம். புலியிடம் அகப்பட்டால் சிறுத்தைக்கு உயிர் மிஞ்சாது. அதனால் புலி நடமாடும் இடத்தையும் நேரத்தையும் பார்த்து அது ஒதுங்கிப் போகிறது. "மாமியார் சமையலறையில் இருந்தால் கொல்லைப்பக்கம் போய்விடும் மருமகள் மாதிரி" என்றேன் நான். "மாமியார் கொன்றுவிட மாட்டாளே!" என்று சிரித்தாள் அந்தப் பெண். "எல்லா வீட்டையும் பற்றி அப்படிச் சொல்லிவிடாதே" என்றாள் அக்கா.

ஒரே காட்டில் இரண்டும் வாழவே முடியாதா என்றால், முடியும். வயிற்றுக்குக் குறைவில்லாமல் இருக்கவேண்டும். முதுமலையை அடுத்த நாகரஹொளேயில் உல்லாஸ் காரந்தும் மெல் சன்க்விஸ்டும் செய்த ஆராய்ச்சி 1995-ம் ஆண்டு வெளிவந்தது. அங்கே புலி அடித்த இரையின் சராசரி எடை 90 கிலோவுக்கு மேல். காட்டெருமை, கடமான் இப்படி. சிறுத்தையும் செந்நாயும் 40 கிலோ அளவிலுள்ள இரையோடு திருப்திப்பட்டன. பெரிய பந்தி, சின்னப் பந்தி என்று தனித்தனியாக இலை போட்டாற்போல. இலையில் சோறு இருக்கிறவரைக்கும் சண்டை அடங்கியிருக்கும்.

செந்நாய்களை நானே பார்த்தேன். தெப்பக்காடு சாலையில் பஸ் நின்றபோது ஏழெட்டு, சிவப்பாக, ஒரு புள்ளிமானைச் சுற்றிக்கொண்டு. அவை தின்ற வேகத்தைச் சொல்லி முடியாது. அத்தனை அவசரம் ஏன் என்று கேட்டேன். பெரியவர் வந்து இலையைப் பறித்துக்கொண்டால் என்ன செய்வது என்றாள் அந்தப் பெண்.

ஆனால், வடக்கே ராஜாஜி காட்டில் நடந்ததுதான் அத்தானைத் தலை நிமிர வைத்தது. அங்கே சில்லா என்ற பகுதியில் வசித்த குஜ்ஜார் குடும்பங்களை வேறு இடத்தில் குடியேற்றிய பிறகு புலிகள் பெருகின. 2004-க்கும் 2008-க்கும் இடையில், 100 சதுர கிலோமீட்டருக்குப் பத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்த சிறுத்தைகள் இரண்டாகச் சுருங்கின. மிஞ்சியவை என்ன சாப்பிட்டன என்று இதே போல எச்சத்தைக் கழுவிப் பார்த்திருக்கிறார்கள். முன்பு வீட்டுக் கால்நடை நூற்றுக்கு ஏழு பங்குதான்; பிறகு முப்பதுக்கு மேல். அதாவது, காட்டுக்குள் பெரியவர் வந்து உட்கார்ந்தார். சின்னவர் ஊர் ஓரத்துக்கு நகர்ந்தார்.

"அப்படியானால் மணியைக் கொன்றது புலி என்று சொல்கிறாயா?" என்று அக்கா சற்றுக் கோபமாகவே கேட்டாள். பதில் சொல்ல அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. புத்தகப் படிப்பு வேறு, திண்ணையில் கிடந்த சங்கிலி வேறு அல்லவா?

அத்தான் விடவில்லை. பிடித்து அப்புறப்படுத்திய ஊர் ஒன்றுகூடவா கிடையாது என்றார். உண்டாம். மகாராஷ்டிரத்தில் ஜுன்னர் என்ற இடம். கரும்புத் தோட்டங்களிலேயே சிறுத்தைகள் குடித்தனம் செய்யும் ஊர். 2001-ம் ஆண்டு தொடங்கி ஏராளமான சிறுத்தைகளைப் பிடித்துக் காடுகளில் விட்டார்கள். வித்யா அத்ரேயா என்பவரும் மற்றவர்களும் கணக்குப் பார்த்து 2011-ம் ஆண்டு வெளியிட்டார்கள். வருஷத்துக்குச் சராசரி 4 ஆக இருந்த மனிதர் மீதான தாக்குதல் 17 ஆக உயர்ந்திருந்தது. விடப்பட்ட காடுகளின் பக்கத்திலும், அதுவரை இல்லாத தாக்குதல் ஆரம்பித்தது. மூலை முடுக்கெல்லாம் தெரிந்த சொந்த இடத்திலிருந்து பிடுங்கி, வழி தெரியாத இடத்தில் விட்டால் அது என்ன செய்யும்?

"இப்போது இருப்பது நாயை எடுக்கிற சிறுத்தை. இதைப் பிடித்துவிட்டால் காலியான இடத்துக்கு வேறொன்று வரும். அது எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியாதே, மாமா" என்றாள் அந்தப் பெண். அத்தான் மனுவை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அன்று ராத்திரி யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மாடியில் அவளோடு உட்கார்ந்திருந்தபோது இன்னொன்றும் சொன்னாள். அது எனக்கு மறக்கவில்லை. ஆப்பிரிக்காவில் செரங்கெட்டி சமவெளியில் தாய்ச் சிவிங்கிப்புலி, கண் திறக்காத குட்டிகளை வாயில் கவ்வி, சில நாளுக்கொரு தடவை புதருக்குப் புதர் மாற்றிக்கொண்டே இருக்குமாம். சிங்கத்தின் கர்ஜனையை ஒலிப்பதிவு செய்து போட்டுக் காட்டினால்கூட எழுந்து நகர்ந்துவிடுமாம். அப்படியும் 1994-ம் ஆண்டு வெளியான ஆராய்ச்சிப்படி, இருபது குட்டிகளில் ஒன்றுதான் வளர்ந்து ஆளாயிற்று. பெரும்பாலும் சிங்கத்தின் கைங்கரியம். பின்னால் கலஹாரிப் பக்கம் பார்த்ததில் நிலைமை அவ்வளவு மோசமில்லையாம். எனக்கு அது ஏதோ சொந்தக்காரர் வீட்டுச் செய்தி போல ஆறுதலாக இருந்தது.

மறுநாள் அத்தான் புது மனு எழுதினார். தெருமுனையில் கொட்டிக் கிடக்கும் கோழிக்கடைக் கழிவை அள்ளவேண்டும்; அதை மோப்பம் பிடித்து நாய் கூடுகிறது, நாயைத் தேடிச் சிறுத்தை வருகிறது. இரண்டு விளக்குகள் வேண்டும். வீடுகளின் பின்னால் ஆள் உயரம் மண்டியிருந்த உண்ணிச்செடிப் புதரைத் தெருக்காரர்களே வெட்டினார்கள். பழைய 17 பேரில் 16 பேர் உடனே கையெழுத்துப் போட்டார்கள். அடுத்த வீட்டு அம்மாள் மட்டும், "முதலில் என் பட்டிக்குக் கூரை போடுங்கள், அப்புறம் பேசலாம்" என்றாள். மிகவும் சரியான பேச்சு. அத்தானும் இன்னும் நாலு பேரும் பணம் போட்டு, பட்டிக்குக் கம்பி வலையும் கதவும் வைத்த பிறகுதான் அவள் பேனாவைத் தொட்டாள்.

அக்கா பெண்ணிடம் இதையெல்லாம் சொல்லிப் பேசும் பொறுப்பு என்னுடையது. ஒரு மணி நேரம் டெலிபோனில் பேசினேன். "வெளிச்சம் இருக்கும்போதே கதவைச் சாத்திவிடுவீர்களா?" என்று மூன்று தடவை கேட்டுக்கொண்டு, வைகாசியில் குழந்தையைக் கொண்டுவந்து விட்டாள். அவளும் ஒரு வாரம் கூடவே இருந்தாள்.

அதற்குள் ஒரு நாய்க்குட்டி வந்திருந்தது. பெயர் குழந்தை வைத்தது, அதுவும் மணிதான். ஐந்தரை மணிக்கே குட்டி, குழந்தை, அக்கா மூவரும் உள்ளே வந்தாகிவிடும். நான் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின ராத்திரி, தூரத்தில் ஒரு கடமான் பெரிதாகக் கத்தியது. மறுபடியும் கத்தியது. நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். "பெரியவர் புறப்பட்டுவிட்டார்" என்று சொல்லிவிட்டு அக்கா புரண்டு படுத்துத் தூங்கிப் போனாள். நான் எழுந்துபோய்த் தாழ்ப்பாளை இன்னொரு தடவை பார்த்துவிட்டு வந்தேன்.