இயங்குதளம் இல்லாத மடிக்கணினி

இந்தியக் கணினிக் கடைகளில் 'டாஸ்' என்ற குறிப்புடன் விற்கப்படும் மடிக்கணினிகளைப் பலர் கண்டிருப்பர். அவற்றில் பெரும்பாலும் இருப்பது ஃப்ரீடாஸ். எம்.எஸ்.டாஸை மைக்ரோசாஃப்ட் கைவிடப்போகிறது என்று தெரிந்தபோது, 1994இல் ஜிம் ஹால் என்ற மாணவர் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் அது. கணினியை இயக்கினால் கறுப்புத் திரையும் கட்டளைக்குக் காத்திருக்கும் ஒரு கோடும்தான் தோன்றும். வாங்குபவர் தமக்கு வேண்டிய இயங்குதளத்தைத் தாமே நிறுவிக்கொள்ள வேண்டும் என்பதே அதன் பொருள். உரிமக் கட்டணம் இல்லாததால் விலையும் குறையும்.

ஐதராபாத்தில் சந்தாலி மொழியின் ஒலியியலை ஆராயும் முனைவர் பட்ட மாணவி ஒருவர் அப்படியொரு கணினியை வாங்கினார். உதவித்தொகை மூன்று மாதமாக நிலுவையில் இருந்த காலம் அது. முந்நூறு ரூபாய் கொடுத்தால் விண்டோஸை 'ஏற்றித்' தருவதாகக் கடைக்காரர் சொன்னார். உரிமம் பற்றிக் கேட்டதற்குச் சிரித்தார். மாணவி கணினியை அப்படியே எடுத்துக்கொண்டு விடுதிக்குத் திரும்பினார்.

அவர் மறுத்ததற்குக் காரணம் சட்டம் மட்டுமன்று. ஒடிசாவின் மயூர்பஞ்ச் மாவட்டச் சிற்றூர்களில் அவர் செய்த ஒலிப்பதிவுகள் அந்தக் கணினிக்குத்தான் வரவிருந்தன. சந்தாலியில் சொல்லிறுதியில் வரும் குரல்வளை அடைப்புடைய மெய்களே அவருடைய ஆய்வுப்பொருள். ஆனால் மனிதர்கள் மெய்யெழுத்துகளை மட்டும் பேசுவதில்லை. கதை சொல்லத் தொடங்கிய மூதாட்டி ஒருவர் இடையில் தம் நிலத்தகராறுக்குத் தாவினார், பெயர்களைச் சொன்னார், பிறகு, இதை யார் யார் கேட்பார்கள் என்று வினவினார். ஆய்வுக்கு அப்பால் எவர் செவிக்கும் போகாது என்று மாணவி வாக்களித்திருந்தார். பூட்டு உடைத்து ஏற்றப்பட்ட, பாதுகாப்புப் புதுப்பிப்பு நிறுத்தப்பட்ட மென்பொருளின் மீது அந்த வாக்கை நிறுத்தி வைக்க இயலாது.

அவர் தேர்ந்தது 1993இல் தொடங்கப்பட்ட டெபியன் லினக்ஸ். துறை ஆய்வகத்துக் கணினியில் அதைப் பதிவிறக்கி, கோப்பு பழுதின்றி வந்துள்ளதா என்பதைச் சரிபார்ப்பு எண்ணைக் கொண்டு உறுதிசெய்து, பென்டிரைவில் எழுதினார். முதலில் நிறுவாமலே பென்டிரைவிலிருந்து இயக்கிப் பார்த்தார். ஒலி கேட்டது, தொடுபலகை இயங்கியது, வைஃபை மட்டும் கிடைக்கவில்லை. கணினியின் வைஃபை அட்டை, டெபியனின் நிலைப்பதிப்பில் இருந்த கருனியைவிடப் புதியது. கைப்பேசியை யூஎஸ்பி கம்பியால் இணைத்து அதன் இணையத்தைப் பகிர்ந்துகொண்டால் போதும், நிறுவிய பின் புதிய கருனியை இறக்கிக்கொள்ளலாம் என்று முடிவுசெய்தார். அவ்வாறே நடந்தது.

நிறுவலில் அவர் நெடுநேரம் தயங்கிய இடம் வட்டைப் பிரிக்கும் திரை. முழு வட்டையும் மறைகுறியாக்கம் செய்யும் வாய்ப்பு அங்கே உண்டு. அதைத் தேர்ந்தால், கணினி திருடுபோனாலும் கடவுச்சொல் இன்றி எவரும் பதிவுகளைத் திறக்க முடியாது. கடவுச்சொல்லை மறந்தால் உரியவராலும் முடியாது. எல்லாவற்றையும் நிறுவி முடித்தபின் இதைச் செய்வது கடினம்; வெற்று வட்டில் செய்வது ஒரே ஒரு தேர்வு. இயங்குதளம் இல்லாத கணினியின் உண்மையான பயன் விலைக்குறைவில் இல்லை, இந்த முதல் முடிவு வாங்கியவர் கையில் இருப்பதில்தான் உள்ளது. அவர் மறைகுறியாக்கத்தையே தேர்ந்தார். மறைகுறியாக்கப்பட்ட இன்னொரு வெளிவட்டில் காப்புப்படி ஒன்றையும் வைத்தார்.

பிறகு வேலைகள் எளிதாயின. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவான பிராட், நைமேகன் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தின் ஈலன் ஆகிய மொழியியல் கருவிகள் இரண்டும் லினக்ஸில் இயங்குகின்றன. 1925இல் ரகுநாத் முர்மு உருவாக்கிய ஒல் சிக்கி எழுத்து 2008இல் யூனிகோடில் இடம்பெற்றது. அதற்கான நோட்டோ எழுத்துரு கட்டணமின்றிக் கிடைக்கிறது. தமிழ்99 விசைப்பலகையையும் சேர்த்துக்கொண்டார்.

இடர் இல்லாமல் இல்லை. நெறியாளர் வேர்ட் கோப்பில் எழுதும் திருத்தக் குறிப்புகள் லிப்ரெ ஆபிஸில் திறக்கும்போது, அட்டவணைகள் சில நேரம் இடம் மாறுகின்றன. இறுதி வடிவத்தைத் துறைக் கணினியில் ஒருமுறை சரிபார்த்தே அனுப்புகிறார்.

களப்பணிக்குச் செல்லவிருக்கும் ஆய்வு மாணவர்கள் புறப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே இப்பணியை முடித்துக்கொள்வது நல்லது. வைஃபை, ஒலி வாங்கி, எழுத்துரு ஆகியவற்றின் குறைகள் ஊரில் இருக்கும்போதே வெளிப்பட வேண்டும். தகவலாளிகளிடம் ஒப்புதல் படிவத்தில் கையொப்பம் வாங்கும் நாம், அவர்களின் குரல் எந்த வட்டில், எந்தப் பூட்டின்கீழ் உறங்கப்போகிறது என்பதையும் அவர்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். அதைச் சொல்ல வேண்டுமாயின், முதலில் நமக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.