கரைவலைப் பாட்டும் கணினிப் பெட்டியும்

கல்லூரித் தாய்க்கு விழாவெடுக்கும் இந்நன்னாளில், மலர்க்குழுவினர் எம்மையும் ஒரு கட்டுரை வரையுமாறு பணித்தனர். தமிழாசிரியர் ஆதலின் சங்க இலக்கியம் பற்றியோ சமயகுரவர் பற்றியோ எழுதுவோம் என அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். யாமோ கணினியிற் பாட்டுப் பதியும் கலையைப் பற்றி எழுதத் துணிந்தோம். பயிற்றப்பட்ட ஆசிரியர் என்னும் சான்றிதழைத் தவிர, கணினித் துறையில் எமக்குப் பட்டமோ பட்டயமோ இல்லை. ஆயினும் யாம் செய்த பிழை ஒன்றும், அப்பிழை கற்பித்த பாடம் ஒன்றும் உண்டு. அவற்றை நம் பழைய மாணவர்க்கும் இளைய மாணவர்க்கும் உரைத்தல் எம் கடன் எனக் கருதுகின்றோம்.

சிலாபத்திற்கும் புத்தளத்திற்கும் இடையே அமைந்த நம் நெய்தற் கரையில் உடப்பு என்னும் ஊரை அறியாதார் இலர். திரௌபதை அம்மன் ஆலயத் தீமிதிப்பாற் புகழ்பெற்ற அவ்வூரின் கடற்றொழிலாளர், கரைவலை இழுக்கும்போது பாடும் பாட்டை அம்பா என்பர். கயிற்றின் ஒரு தலையைக் கரையிலே விட்டு, வலையை வள்ளத்திலே கொண்டுசென்று கடலில் வளைத்து இறக்கி, மறு கயிற்றின் தலையை அப்பாற் கரை சேர்ப்பர். பின்னர் இரு சாரார் இரு கயிறுகளையும் பற்றி இழுப்பர். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க ஏனையோர் சேர்ந்து பாடுவர். அத்தாளத்திலேயே அனைவர் கால்களும் ஒருங்கே பின்வாங்கும். ஆதலால் அம்பா பொழுதுபோக்கு அன்று. வள்ளமும் வலையும் போல அதுவும் ஒரு தொழிற்கருவியே. இக்காலத்திலோ பல கரைகளில் உழவு இயந்திரத்தோடு பூட்டிய சுழல்பொறி கயிற்றை இழுக்கின்றது. பொறிக்குப் பாட்டு வேண்டுவதில்லை.

2018 ஆம் ஆண்டில், அம்பா பாடுவதிற் பெயர்பெற்ற முதியவர் ஒருவரை அணுகி, மூன்று மாலைப் பொழுதுகளில் அவர் பாடியவற்றைக் கணினியிற் பதிந்தோம். யாம் கையாண்ட மென்பொருள் விலைக்கு விற்கப்படுவது; எம்மிடம் இருந்ததோ சில நாட்களுக்கு மட்டும் இலவசமாக இயங்கும் மாதிரி. பதிவைப் பொதுவான ஒலிக்கோப்பாக மாற்றி வையாமல், அம்மென்பொருள் மட்டுமே திறக்கவல்ல வடிவத்திற் சேமித்து, பின்னர்ப் பார்த்துக்கொள்வோம் என்று வாளாவிருந்தோம். தவணை முடிந்தது, கோப்பும் திறக்க மறுத்தது. விலையை உசாவினோம், அது எம் ஒரு மாதச் சம்பளத்தை மிஞ்சியது. பணம் சேர்க்கும் நாட்களிலேயே கணினியின் வன்தட்டும் பழுதாயிற்று. மறு பிரதியும் இல்லை. அடுத்த ஆண்டு அம்முதியவர் காலமானார். இழவு வீட்டில் அவர் மகன் எம் கையைப் பற்றி, "மாஸ்டர், அப்பாவுடைய பாட்டு உங்களிட்ட இருக்குத்தானே?" என்று கேட்டார். யாம் விடை கூற வகையறியாது தலைகுனிந்து நின்றோம்.

அதன் பின்னரே, கணினி கற்பிக்கும் நண்பர் ஒருவர் எமக்கு லினக்ஸை அறிமுகஞ் செய்தார். 1983 இல் அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டால்மன், யாவரும் பயன்படுத்தவும், உள்ளே புகுந்து ஆராயவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் உரிமையுள்ள மென்பொருள்களை ஆக்கும் பணியைத் தொடங்கினார். 1991 இல் பின்லாந்து நாட்டு மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் என்னும் கருவை வெளியிட்டார். இவ்விரு முயற்சிகளும் கூடி வளர்ந்ததே இன்றைய லினக்ஸ் இயங்குதளம். இது நம் நாட்டுக்குப் புதியதோர் உறவும் அன்று. 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின் பின்னர், இடருற்றோர்க்கு உதவும் பணிகளை ஒழுங்குசெய்ய இலங்கைத் தொண்டர்கள் ஆக்கிய சகானா என்னும் மென்பொருளும் இவ்வாறு யாவர்க்கும் உரியதாகவே வழங்கப்பட்டது.

கழித்துவிடப்பட்ட மடிக்கணினி ஒன்றில் லினக்ஸை நிறுவி, 2000 ஆம் ஆண்டில் முதன்முதல் வெளியான ஒடாசிற்றி என்னும் ஒலிப்பதிவு மென்பொருளையும் ஏற்றினோம். இரண்டுக்கும் செலவு ஒரு சதமும் இல்லை. ஒலியை நொடிக்கு 48,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 24 பிற்றில் எழுதினால், ஒரு தடத்திற் பதியும் ஒரு மணி நேரப் பாட்டு ஏறத்தாழ 518 மெகாபைற்று இடங்கொள்ளும். ஃபிளாக் என்னும் வடிவம், ஒலியில் அணுவளவும் இழக்காமல் அதனைச் சுருக்கித் தரும். அவ்வடிவத்தின் இலக்கணம் யாவரும் அறிய வெளியிடப்பட்டிருத்தலின், எந்த நிறுவனம் கடையை மூடினாலும் அக்கோப்பைத் திறக்க வழியுண்டு. எம்மை இழவு வீட்டிலே நாணி நிற்கச் செய்த குறைக்கு மருந்து இதுவே எனக் கண்டோம்.

2022 ஆம் ஆண்டு வந்தது. அவ்வாண்டு மார்ச்சு இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்டதை யாரும் மறந்திரார். நுரைச்சோலை அனல்மின் நிலையம் நம் மாவட்டத்திலேயே இருந்தும் நம் வீடுகள் இருளில் மூழ்கின. ஆனால் அவ்விருள் எமக்கு ஒரு நன்மை செய்தது. மின்விசிறியும் குளிர்சாதனப் பெட்டியும் ஓய்ந்த வேளையில், பதிவுக்கு ஏற்ற அமைதி வாய்த்தது. வேறொரு முதியவரை வகுப்பறைக்கு அழைத்து, ஒலிவாங்கியின் முன்னே கதிரையில் இருத்தினோம். இரண்டடி பாடினார், நிறுத்தினார், மீண்டும் தொடங்கினார், சொல் வரவில்லை. பின்பு நாணத்தோடு, "மாஸ்டர், கையில கயிறு இல்லாமல் பாட்டு வராது" என்றார்.

மாணவர் ஓடிச்சென்று கயிறு கொணர்ந்து முற்றத்துப் பூவரசிற் கட்டினர். பெரியவர் முன்னே நிற்க, எட்டு மாணவர் பின்னே நின்று இழுத்தனர். மரம் அசையவில்லை, பாட்டு வந்தது! முப்பது ஆண்டுகளாகத் தாம் பாடாதவை எனச் சிலவற்றையும் அவர் பாடினார். சில கிழமைகளின் பின், டீசல் இன்மையால் உழவு இயந்திரம் ஓய்ந்து, ஒரு கரையிலே மீண்டும் கையால் வலை இழுத்தனர். அங்கும் மடிக்கணினியைச் சுமந்து சென்று பதிந்தோம்.

இனி எம் இரண்டாம் பிழையைச் சொல்வோம். கரையிற் பதிந்த பாட்டிலே அலையோசை மிகுந்திருந்தது. ஒடாசிற்றியில் இரைச்சலைக் குறைக்கும் வசதி ஒன்றுண்டு. அலை மட்டும் ஒலிக்கும் சிறு பகுதியை இரைச்சல் என அதற்குக் காட்டினோம். அஃது அவ்வோசையை முழுதும் துடைத்தது. அதனோடு குரலின் உயிரையும் துடைத்தது. எமக்கோ பெருமை தாங்கவில்லை! பெரியவரிடம் போட்டுக் காட்டினோம். சற்றுக் கேட்டிருந்துவிட்டு, "பாட்டு இருக்குது மாஸ்டர், கடலைக் காணேல்லையே" என்றார். நெய்தலை ஆண்டுதோறும் வகுப்பிற் கற்பிக்கும் எமக்கு, நிலமின்றிப் பாட்டில்லை என்பதை எழுத்தறியா அப்பெரியவரே கற்பித்தார். முன்னைய பாடத்தால் மூலப்பதிவை மூன்று இடங்களில் வைத்திருந்தமையின், இம்முறை கடலை மீட்டுக்கொண்டோம்.

கேட்ட மாணவர்க்குத் தாமும் இசையமைக்கும் ஆசை பிறந்தது. பல தடங்களை அடுக்கவல்ல ஆர்டோர் என்னும் மென்பொருளிலே முதலில் உடுக்கைப் பதிந்து, அதனைச் செவியிற் கேட்டவாறே பாட முயன்றனர். தம் குரல் சற்றுத் தாமதித்துச் செவிக்கு மீண்டமையால் தாளம் தடுமாறிற்று. கணினி ஒலியைச் சிறு சிறு கட்டுகளாகவே கையாளும். ஒரு கட்டில் 1,024 அளவுகள் இருப்பின், அது நிரம்பவே 21 மில்லிசெக்கன் செல்லும். 256 ஆகக் குறைத்தால் 5 மில்லிசெக்கன் போதும். மிகக் குறைத்தாலோ பழைய கணினி மூச்சுத் திணறி ஒலி வெடிக்கும். கயிற்றின் கடைசி ஆளுக்குப் பாட்டு பிந்திக் கேட்டால் கால் பிசகும் என்று விளக்கினோம். மாணவர் உடனே உணர்ந்துகொண்டனர்.

லினக்ஸிலே இடர் இல்லை என யாம் கூறோம். சில ஒலிக்கருவிகளை அஃது அறிந்துகொள்ளாது. ஒரு முறை ஒலிவாங்கியைப் பேசவைக்க இரண்டு நாட்கள் போராடினோம். ஆனால் அறிந்த ஒருவர் அறியாதவர்க்குச் சொல்லிக்கொடுத்தலே அங்கு வழக்கம். ஆசிரியராகிய எமக்கு அவ்வழக்கம் புதிதன்று.

பழைய மாணவராகிய அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான பொது ஆதரவு 2025 ஒக்ரோபர் 14 உடன் முடிவுற்றது. அதனாற் பல நல்ல கணினிகள் உங்கள் அலுவலகங்களில் ஒதுக்கப்பட்டிருக்கும். அவற்றை எறியாது கல்லூரிக்கு அனுப்புங்கள். லினக்ஸ் அவற்றை வாழவைக்கும். இன்னும் பதியவேண்டிய குரல்கள் இக்கரையெங்கும் உள. 2005 இல் தோன்றிய நூலகம் நிறுவனம் ஈழத்து ஏடுகளை இணையத்திற் காத்துவருவது போல, நம் மாணவர் நம் கரையின் ஒலிகளைக் காத்தல் இயலாத காரியமா?

மூன்று மாலைப் பொழுதுகள் பாடிய அம்முதியவரின் பாட்டு எம்மிடம் இல்லை. இனி வரவும் மாட்டாது. அவர் மகனுக்கு இரண்டாம் முதியவரின் பதிவைக் கொடுத்தோம். கேட்டு முடித்து, "இது அப்பா இழுத்த கயிறுதான்" என்றார். அச்சொல்லே எமக்கு ஆறுதலும் தண்டனையும் ஆயிற்று.